குடையும் கொண்டு முட்டத்துக்கு

லேய் மக்கா, கொஞ்சம் நில்லு. இடவப்பாதி மழை பெய்யுத நேரத்துல குடையும் கொண்டு முட்டத்துக்கு நடக்க வந்திருக்கியா? பட்டனை அமுக்குனா விரியுத ஜாதியா? நல்லது. இங்க அது தானாவே மலந்தும் போவும். கலங்கரை விளக்கத்து மேட்டுல ஏறினதும் கடக்காத்து அடியில புகுந்து கம்பியை மேல தூக்கிரும். மழைத்தண்ணி பிடிக்கப் பாத்திரம் கொண்டுவந்தவன் மாதிரி நிப்ப.

இங்க மழை மேலேர்ந்து விழாது, கடல்லேர்ந்து சரிஞ்சு வரும். நெஞ்சுக்கு முன்னால, காத்துக்கு எதுத்தாப்புல பிடி. வழி தெரியாதுங்கியா? இப்ப மட்டும் போனைப் பாக்காம வழியப் பாத்தா நடக்க?

எங்க அப்பன் காலத்துல சாக்குதான். அடி மூலை ஒண்ணை உள்ள தள்ளி மத்த மூலையோட சேத்தா கூம்பு வரும். தலையில கவுத்தா முதுகு முழுக்க மூடும், ரெண்டு கையும் சும்மா இருக்கும். கருவாட்டு நாத்தம் அடிக்குமா? அடிக்கட்டும், மழையில ஆரு வந்து உன்னை மோந்து பாக்கப் போறா?

அந்த வெள்ளை ஷூவைக் கழத்திக் கையில பிடி. தேரிச் செம்மண்ணு ஒருக்கா ஒட்டுனா போவாது. முட்டம் போவலன்னு வீட்டுல பொய் சொல்ல வேண்டாம், அது ஒரு லாபம். ஐப்பசி மழையானா இடியும் கூட வரும். அப்ப தென்னை மூட்டுல ஒதுங்காத, ஆரு வீட்டுத் திண்ணையானாலும் ஏறிக்க.

பாறை மேல மட்டும் கவனம். பச்சைப் பாசி வழுக்கும்னு உனக்கே தெரியும். கறுப்பா மின்னுதே, அது அதைவிட வழுக்கும். பாரதிராஜா 1981-ல இங்க ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்தாலும் எடுத்தாரு, வாறவன் எல்லாம் அலைக்குப் பக்கத்துல ஏறிக் கையை விரிக்கான். படத்துல வந்த அலைக்கு ரீல் முடிஞ்சா வேலை முடிஞ்சுது. இது அப்படியா? வானம் வெளுத்துக் கெடக்க நாள்லயும் கள்ளக்கடல்னு ஒண்ணு உண்டு. தெக்கே எங்கயோ அடிச்ச காத்துல கெளம்புன அலை, இங்க ஒரு இலை அசையாத நேரம் கரையில ஏறும். அதுக்கு உன் குடை போதாது.

போறதுன்னா போ. ஜூன் 1-லேர்ந்து ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். மீனு குஞ்சு பொரிக்கட்டும்னு சர்க்காரு எங்களைக் கரையில இருத்தியிருக்கு. வலை முடிஞ்சு முடிஞ்சு அலுத்துப் போச்சு மக்கா. விழறதுன்னா அந்தப் பக்கம் போய் விழாத, இந்தக் கொட்டகைக்கு முன்னால விழு. எங்களுக்கும் பொழுது போவணும்லா?