எழுந்து நின்ற பாக்கிப் பட்டியல்

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. செய்தியைப் படித்துவிட்டு மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். என் மாமனாரால் முடியவில்லை. அவர் ஏலச்சீட்டு நடத்துகிறவர். சீட்டுக்காரர் காதில் 'பாதுகாப்பு இல்லை' என்ற சொல் விழக்கூடாது. மறுநாளே சர்வீஸ் பையனை வரவழைத்து ஆபீசில் இருந்த சிஸ்டம் எல்லாவற்றிலும் விண்டோஸ் 11 ஏற்றச் சொல்லிவிட்டார். பையனும் ஏற்றினான். மூலையில் கிடந்த ஸ்டார்ட் பட்டன் நடுவே வந்து உட்கார்ந்தது. மாமாவுக்குத் திருப்தி.

மாதக் கடைசியில் போன் வந்தது.

"மாப்ள, எந்திரிச்சு நின்னுடுச்சு."

"யாரு மாமா?"

"பாக்கிப் பட்டியல்!"

அந்தப் பட்டியலின் அருமை சீட்டு நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். லட்ச ரூபாய்ச் சீட்டு என்றால் 20 பேர், 20 மாதம். மாதத் தவணை 5,000-க்கு மேல் போகாது. மாதாமாதம் ஏலம் நடக்கும். அதிகமாகத் தள்ளுகிறவர் எடுத்துக்கொண்டு போவார். தள்ளிய பணத்தில் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் பங்காகித் தவணையில் கழியும். ஆக, பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். ஏ4 தாளைப் படுக்கப் போட்டால் அகலம் 297 மில்லிமீட்டர். பெயர், டிக்கெட் நம்பர், 20 கட்டங்கள் எல்லாம் அதில் இடித்துப் பிடித்து அடங்கிவிடும். நிமிர்த்தினால் 210 மில்லிமீட்டர்தான். குறைந்தது வெறும் 87. ஆனால் 13-ஆம் மாதத்திலிருந்து 20-ஆம் மாதம் வரை குடியிருந்தது அந்த 87-க்குள்தான்.

அதனால் முதல் தாளில் ஆட்களும் 12 மாதக் கணக்கும் வந்தன. மிச்ச எட்டு மாதம், பெயரே இல்லாமல், அடுத்த தாளில். சீட்டை எடுக்கிறவரை எவரும் ஒன்றாம் தேதியே வந்து தவணை கட்டிவிடுவார். எடுத்த பிறகுதான் கல்யாணம், காதுகுத்து, மழை, வெயில் எல்லாம் குறுக்கே வரும். அதாவது பாக்கி என்று ஒன்று முளைக்கிற மாதங்களாகப் பார்த்து அனாதையாகிவிட்டன. வசூலுக்குப் போகிற தம்பி இரண்டாம் தாளை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பியிருக்கிறான். யாரோ ஒருவர் மூன்று மாதமாகக் கட்டவில்லை என்று தாள் சொல்கிறது. யார் என்று சொல்லவில்லை. "அண்ணே, இது நீங்களா?" என்று கடை கடையாகக் கேட்டிருக்கிறான். ஊரில் ஒருத்தர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் கணக்குப் பார்க்கும் அக்கா தன் வழியில் இறங்கிவிட்டார். "தாளைத்தானே படுக்க வைக்கணும்?" என்று டிரேயில் தாளைக் குறுக்கே வைத்துப் பார்த்திருக்கிறார். பிரிண்டர் அதைப் பாதி விழுங்கி, மென்று, சிக்கவைத்துக்கொண்டது. அடுத்தது கம் பாட்டில். இரண்டாம் தாளின் இடது ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, முதல் தாளின் வலது ஓரத்தில் கம் தடவி, வரிக்கு வரி நேராக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து ஒட்டினார். கொஞ்சம் வழுக்கினால் ஒருவருடைய பாக்கி மேல் வரிக்காரர் தலையில் ஏறிவிடும். ஒட்டியதை ஃபேனுக்குக் கீழே உலர்த்தி, மேலே ஸ்டேப்ளர் பாரம் வைத்திருந்தார். ஆடிட்டர் அதைப் பார்த்து, "நல்லா இருக்கே, இப்படியே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

விசாரணையை ஆரம்பித்தேன். சர்வீஸ் பையன், "அண்ணா, நான் விண்டோஸ்தான் மாத்தினேன். உங்க ஃபைலைத் தொடவே இல்ல" என்றான். உண்மை. பிரிண்டர்காரர்களின் உதவி எண்ணில், "டெஸ்ட் பேஜ் வருதா சார்? அப்ப பிரிண்டர் நல்லா இருக்கு" என்றார்கள். அதுவும் உண்மை. அக்கா, "நான் எப்பவும் அழுத்துற பட்டனைத்தான் அழுத்தினேன்" என்றார். அதைவிட உண்மை கிடையாது. அவரவர் கடமையை அவரவர் ஒழுங்காகச் செய்ததில் பட்டியல் எழுந்து நின்றுவிட்டது. ஒருவராவது தப்பு செய்திருந்தால் பிடித்துத் திருத்தியிருக்கலாம்.

பட்டியல் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் செய்தது. ஆக்சஸ் ரிப்போர்ட் ஒவ்வொன்றும் தாளின் அளவு, ஓரம், நிற்பதா படுப்பதா என்பதையெல்லாம் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். எந்தப் பிரிண்டருக்காகச் செய்தார்களோ அதன் பெயரும் அதில் இருக்கும். நாம் வீடு மாறினாலும் பழைய விலாசத்துக்கே கல்யாணப் பத்திரிகை அனுப்பும் சொந்தக்காரர் மாதிரி, அது பழைய பிரிண்டரையே தேடும். அந்தப் பெயரில் பிரிண்டர் இல்லை என்றால், 'டீஃபால்ட்' என்று எது இருக்கிறதோ அதனிடம் போய் நிற்கும். இங்கே பிரிண்டர் அதேதான், அதே மேஜையில்தான் இருந்தது. ஆனால் புதிதாக இன்ஸ்டால் ஆனதில் அதன் பெயருக்குப் பின்னால் 'காப்பி 1' என்று ஒரு வால் முளைத்திருந்தது.

"அதென்ன மாப்ள, காப்பி ஒண்ணு?" என்று மாமா சத்தமாகக் கேட்டார்.

"ஒண்ணு போதுமா, அவருக்கும் சேர்த்து ரெண்டா?" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் வந்தது.

இனி அந்த டீஃபால்ட் யார் என்ற கேள்வி. விண்டோஸில் 2015 முதல் ஒரு வசதி உண்டு. டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தோமோ அதுதான் டீஃபால்ட். சீட்டு ஆபீசில் நாள் முழுக்க ஓடுவது தவணை ரசீது போடும் சின்ன மெஷின். 80 மில்லிமீட்டர் அகலத்தில் சுருள் தாள். படுப்பது என்ற பேச்சே அதன் வம்சத்தில் கிடையாது. பட்டியல் அதனிடம் போய், "நான் எப்படி வரணும்?" என்று கேட்டிருக்கிறது. "நின்னுக்கிட்டு வா" என்று அது சொல்லியிருக்கிறது. அதன் பிறகுதான் அக்கா பெரிய பிரிண்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

நோய் தெரிந்தபின் மருந்து சின்னது. அந்த வசதியை அணைத்தேன். பிரிண்டரின் வாலை நறுக்கி, பழைய பெயரைக் கொடுத்து, அதையே டீஃபால்ட் ஆக்கினேன். ரிப்போர்ட்டை டிசைனில் திறந்து, பேஜ் செட்டப்பில் லேண்ட்ஸ்கேப்பைத் தொட்டு, சேவ் கொடுத்தேன். முடியாது என்றது. அந்த ஃபைலை வேறு யாராவது திறந்து வைத்திருந்தால் ஆக்சஸ் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். எல்லோரும் மூடினால்தான் டிசைன் மாற்றம் பதியும்.

"எல்லாரும் மூடிட்டு வெளிய வாங்கப்பா!" என்று மாமா கூவினார்.

ஃபைலை மூடினால் போதும் என்று நான் சொல்வதற்குள் கணக்கு அக்கா, கவுன்டர் தம்பி, வசூல் தம்பி எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். சீட்டுக் கம்பெனி ஆட்கள் மொத்தமும் பட்டப்பகலில் தெருவில் வந்து நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதிர் டீக்கடையில் டம்ளர்கள் பாதியில் நின்றன. அடுத்த மாதம் சீட்டு எடுக்கப்போகும் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, "என் பணத்துக்கு ஒரு வழி சொல்லிட்டு மூடுங்க!" என்றார். மாமா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து என் திரையைக் காட்டி, "மூடலைங்க, படுக்க வைக்கிறோம்" என்று விளக்கினார். பெரியவர் முகம் இன்னும் வெளுத்தது. அத்தை போட்டுவைத்த இரண்டாவது காப்பி அவருக்குத்தான் பயன்பட்டது.

அந்த ரகளைக்கு நடுவே சேவ் ஆகிவிட்டது. கையோடு, ரிப்போர்ட் திறக்கும்போதெல்லாம் ஓடுகிற மாதிரி ஒற்றை வரி கோடும் எழுதிவைத்தேன். அதில் ஓரியன்டேஷனுக்கு 1 கொடுத்தால் தாள் நிற்கும், 2 கொடுத்தால் படுக்கும். 2 கொடுத்தேன். பட்டியல் வந்தது. பெயரும் பாக்கியும் ஒரே வரியில் சேர்ந்தன. வசூல் தம்பி முகத்தில் களை வந்தது.

கிளம்பும்போது மாமா தோளில் கை போட்டார். "உங்களுக்குக் கூலி கொடுத்தா நல்லாயிருக்காது மாப்ள. புது குரூப்ல ஒரு டிக்கெட் காலியா இருந்துச்சு, உங்க பேரை எழுதிட்டேன். முதல் தவணை அஞ்சாயிரம்."

கட்டிவிட்டேன். சீட்டை எடுக்கிறவரை நானும் ஒன்றாம் தேதியே கட்டிவிடுவேன். எடுத்த பிறகு சொல்வதற்கில்லை. அந்த 2-ஐ 1 ஆக்க எத்தனை நொடி ஆகும் என்பது அந்த ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும்.