மகாராணியைத் தட்டிக்கொடுத்த கவிராயர்

கோடை பிறந்துவிட்டால் கோபன்ஹேகன் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகள் மாதிரி வரிசைகட்டி நிற்கும். பால்டிக் கடலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஏறும் இடம் இது. ஏறுவதற்கு முன்பே ஒரு தாக்கீது வந்து சேரும்: ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்த வேண்டும் என்று. ‘ஃபார்மல் நைட்’ என்றால் ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டு, போ டை. பெண்களுக்குத் தரையைப் பெருக்கிக்கொண்டு வரும் கவுன். ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றால் என்னவென்று அதை எழுதியவருக்கே வெளிச்சம். பணம் கட்டிய மகராசன் அரைக்கால் சட்டையோடு வந்து நின்றால் வாசலிலேயே சிரித்த முகத்தோடு மடக்கி, மேல்தளத்து பஃபேவுக்கு வழி காட்டிவிடுவார்கள்.

இந்த விதிகளை எழுதுகிறவர்கள் டென்மார்க்கின் வரலாற்றை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தால் பேனாவை மூடி வைத்திருப்பார்கள். இதே ஊர்க் கடலில் 1883 செப்டம்பரில் ஒரு கப்பலில் சாப்பாடு நடந்தது. ரஷ்யச் சக்கரவர்த்தி, டென்மார்க் ராஜா, கிரேக்க ராஜா, அவரவர் ராணிகள், இங்கிலாந்தின் வருங்கால ராணி, பிரிட்டிஷ் பிரதமர், ஆஸ்தான கவிஞர் என்று ஐரோப்பாவின் பாதிக் கெசட் அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தது. உடை விஷயத்தில் அவர்களில் பலருக்கும் பூர்வ கதை உண்டு.

கப்பலின் பெயர் பெம்புரோக் காசில். தென்னாப்பிரிக்காவுக்குத் தபால் கப்பல் விட்டுக் கொழுத்த சர் டொனால்ட் கரியின் புத்தம் புதுக் கப்பல். மனிதர் முதலாளி மட்டுமல்ல, லிபரல் கட்சி எம்.பி.யும்கூட. கட்சித் தலைவர் கிளாட்ஸ்டன் அப்போது பிரதமர். தலைவரைக் குளிரவைக்கப் புதுக் கப்பலில் ஓசிப் பயணம் அழைத்துப் போவதை நம் ஊர் அரசியல்தான் கண்டுபிடித்தது என்று யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். கிளாட்ஸ்டனுக்கு 73 வயது. உடைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ‘பஞ்ச்’ பத்திரிகையில் ஹாரி ஃபர்னிஸ் வரைந்த கார்ட்டூன்களில் அவருடைய சட்டைக் காலர் காதைத் தாண்டி வளர்ந்து, கடைசியில் காலருக்குள்ளிருந்து பிரதமரைத் தேடியெடுக்க வேண்டியிருந்தது. ஆனால் பயணத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. கைப்பெட்டி ஒன்றுக்கே ‘கிளாட்ஸ்டன் பேக்’ என்று அவர் பெயர்.

கூட வந்தவர் ஆல்ஃபிரட் டென்னிசன். வயது 74, பதவி ஆஸ்தான கவி. அகன்ற விளிம்புள்ள கம்பளித் தொப்பி, மேலே ஒரு பெரிய போர்வை அங்கி, தாடி. தூரத்திலிருந்து பார்த்தால் கவிஞரா, வழிப்பறிக்காரரா என்று சட்டென்று சொல்ல முடியாது. கிட்டப் போனாலும் அவருக்கு நம்மைத் தெரியாது, அவ்வளவு மங்கிய பார்வை.

இந்தப் பரம்பரைக்கே உடை ராசி இல்லை. ஆஸ்தான கவியானால் அரண்மனைக்குப் போய் ராணியைப் பார்க்க வேண்டும். அதற்கு அரசவை உடுப்பு வேண்டும். 1845-ல் முந்தைய ஆஸ்தான கவியான வேர்ட்ஸ்வொர்த்திடம் அது இல்லை. சாமுவேல் ராஜர்ஸ் என்ற வங்கிக்காரக் கவிஞரிடம் இரவல் வாங்கினார். 75 வயதுக்காரரை அந்த உடுப்புக்குள் திணிப்பதற்குள் சுற்றியிருந்தவர்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. இடுப்பில் செருகிய வாளும் இரவல்தான், விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியுடையது. 1851-ல் டென்னிசனின் முறை வந்தது. அவரிடமும் உடுப்பு இல்லை. அதே ராஜர்ஸ், அதே பீரோ, அதே உடுப்பு! மேல்கோட்டு ஒருமாதிரி ஏறிவிட்டது. கால்சட்டை விஷயத்தில் கடைசிவரை கவலை. இங்கிலாந்தின் கவிதை மரபு கை மாறியது என்று பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, கை மாறிய மற்ற சாமான்களின் பட்டியல் இது.

பாரோ துறைமுகத்தில் செப்டம்பர் 8-ஆம் தேதி புறப்பட்ட கூட்டம் ஸ்காட்லாந்துக் கரையைச் சுற்றியது. ஆர்க்னி தீவிலுள்ள கிர்க்வால் ஊரில் மரியாதை வாங்கியது. வந்தது வந்தோம், நார்வேயையும் எட்டிப் பார்ப்போம் என்று கடல் தாண்டியது. அங்கிருந்து கோபன்ஹேகன் எவ்வளவு தூரம், அதையும் பார்த்துவிடுவோமே! ஒரு நாட்டின் பிரதமர் அடுத்த நாட்டுக்குள் கால் வைப்பதென்றால் ராணியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற நினைப்பு கிளாட்ஸ்டனுக்கு வரவில்லை. கடல் காற்று அப்படி.

கோபன்ஹேகனுக்கு வடக்கே ஃபிரெடென்ஸ்போர் அரண்மனையில் அந்த நேரம் பார்த்துக் குடும்ப விழா. வீட்டுக்காரர் டென்மார்க் ராஜா ஒன்பதாம் கிறிஸ்டியன். தரங்கம்பாடியை 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுக் காசாக்கிய அதே டென்மார்க்தான். இவர் காலத்தில், 1864 போரில், ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் இரண்டும் பிரஷ்யர்களிடமும் ஆஸ்திரியர்களிடமும் பறிபோயின. நிலத்தில் விட்டதை மனிதர் கல்யாணத்தில் பிடித்தார். 1863 என்ற ஒரே வருஷத்தில் மூத்த மகள் அலெக்சாண்ட்ராவை இங்கிலாந்து இளவரசருக்குக் கட்டிக்கொடுத்தார், இரண்டாவது மகன் கிரீஸுக்கு ராஜாவானார், இவரும் சிம்மாசனம் ஏறினார். 1866-ல் அடுத்த மகள் டாக்மார் ரஷ்ய இளவரசருக்கு வாக்கப்பட்டார். ‘ஐரோப்பாவின் மாமனார்’ என்ற பட்டம் சும்மா வரவில்லை.

அதற்கு முன்பு அந்த வீடு இருந்த நிலை வேறு. கோபன்ஹேகனில் மஞ்சள் மாளிகை என்ற வீட்டில், அரச வம்சத்தின் ஒன்றுவிட்ட கிளையாக, கைக்கும் வாய்க்குமாக ஓட்டிக்கொண்டிருந்த குடும்பம் அது. அலெக்சாண்ட்ராவுக்கும் டாக்மாருக்கும் சேர்த்துக் காற்று விசிறியடிக்கும் ஒரு மாடியறை. உடுப்பைத் தாங்களே தைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு மேசையில் பரிமாறுவதும் பெண்பிள்ளைகள்தான். சில ராத்திரிகளில் கதை சொல்ல ஒரு மாமா வருவார், அவர் பெயர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். கிழிந்த துணிக்காரி ராணியாவது, ராஜா துணியே இல்லாமல் ஊர்வலம் போவது என்றெல்லாம் எழுதியவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள் இந்தப் பெண்கள்.

பிற்பாடு அக்காள் லண்டனில் எதை உடுத்தினாலும் ஊரே உடுத்தியது. கழுத்தில் ஒரு தழும்பு. அதை மறைக்க உயர்ந்த காலரும் கழுத்தை ஒட்டிய முத்துச் சரங்களும் போட்டுக்கொண்டார். தழும்பே இல்லாத கழுத்துகளிலும் முத்துச் சரம் ஏறியது. 1867-ல் காய்ச்சலில் விழுந்து எழுந்தபின் ஒரு கால் லேசாக இழுத்தது. சீமாட்டிகள் அதையும் விடவில்லை. நல்ல கால்களை வைத்துக்கொண்டு நொண்டி நடந்தார்கள், அதற்கென்று ஏறுமாறான குதிகால் செருப்பும் கடைகளில் விற்றது. தங்கச்சியோ பாரிஸில் வொர்த் கடையில் கவுன் தைத்துக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்துவிட்டார். 1873-ல் அவர் லண்டன் வந்தபோது அக்காவும் தங்கையும் ஒரே மாதிரி உடுத்தி ஊரைக் குழப்பினார்கள்.

மருமகன்கள் இரண்டு துருவம். இங்கிலாந்து மாப்பிள்ளை எட்வர்டுக்கு உடைதான் மூச்சு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வால் வைத்த நீளக் கோட்டு என்பது அன்றைய சட்டம். வால் மேல் உட்கார்ந்து சாப்பிட்டு அலுத்துப்போன இவர், 1865-ல் ஹென்றி பூல் தையல்கடையில் வாலில்லாத குட்டைக் கோட்டு ஒன்று தைக்கச் சொன்னார். 1875-ல் செராபிஸ் கப்பலில் இந்தியா வந்தபோது, வெயிலுக்கு வால் ஆகாது என்று கப்பல் சாப்பாட்டுக்கும் குட்டைக் கோட்டையே கொண்டுவந்தார். மனைவியும் வர ஆசைப்பட்டார். கோட்டுக்குக் கிடைத்த இடம் அலெக்சாண்ட்ராவுக்குக் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் கொழும்பிலிருந்து தூத்துக்குடி வந்து இறங்கி, ரயிலேறி, மதுரை, திருச்சி பார்த்துச் சென்னை போனார் இளவரசர். இன்று கப்பலில் கழுத்தை இறுக்கும் டின்னர் ஜாக்கெட்டுக்கு மூதாதை, டென்மார்க் மாப்பிள்ளை வசதிக்காகக் கழற்றிப் போட்டதன் மிச்சம்தான். அவர் சௌகரியத்துக்குச் செய்தது நமக்குச் சட்டமாகிவிட்டது.

ரஷ்ய மாப்பிள்ளை மூன்றாம் அலெக்சாண்டர் நேர் எதிர். உலகத்திலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர். கால்சட்டை கிழிந்தால் ஒட்டுப்போட்டு மாட்டிக்கொள்வார். வேலைக்காரர் சக்கரவர்த்தியின் கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததாக விட்டே என்ற மந்திரி எழுதி வைத்திருக்கிறார். நாலு மாதம் முன்னால் மாஸ்கோவில் கோலாகலமாக முடிசூட்டிக்கொண்டவர், மாமனார் வீட்டுக்கு வந்தால் குழந்தைகளோடு குட்டையில் இறங்கித் தலைப்பிரட்டை பிடிப்பார். அப்பாவை 1881-ல் குண்டு வீசிக் கொன்றிருந்தார்கள். இங்கே குண்டும் இல்லை, கிரீடமும் இல்லை.

இந்தக் குடும்பம் கப்பல்காரர்களை ஃபிரெடென்ஸ்போருக்கு விருந்துக்கு அழைத்தது. ஸ்காட்லாந்துக் கரையில் காற்று வாங்கக் கிளம்பியவர்கள் மூன்று கிரீடங்களின் முன் சாப்பிடுவதற்கென்று பெட்டி கட்டியிருக்க மாட்டார்கள். போனார்கள், சாப்பிட்டார்கள். யாரும் வாசலில் மடக்கவில்லை. பதில் மரியாதையாக மறுநாள் மதியம் ராஜ குடும்பம் மொத்தமும் கப்பலுக்கு வந்தது. முதலாளி கரியின் முகத்தை நினைத்துப் பாருங்கள். புதுக் கப்பலுக்கு இதைவிட விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

சாப்பாடு முடிந்தது. கவிஞர் ஏதாவது படிக்க வேண்டும் என்று வேண்டுகோள். புகை பிடிக்கும் சின்ன அறையில் சக்கரவர்த்தினியும் ராணிகளும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டென்னிசன் எடுத்தது இரண்டு கவிதைகள்: ‘தி பியூகிள் சாங்’, ‘தி கிராண்ட்மதர்’. படிக்கிறவருக்குக் கண் மங்கல். கேட்ட அலெக்சாண்ட்ராவுக்குக் காது மந்தம், அம்மாவழிச் சொத்து. பக்கத்தில் தங்கை டாக்மார், அதாவது ரஷ்யச் சக்கரவர்த்தினி மரியா ஃபியோதரோவ்னா. கவிதை முடிந்ததும் அவர் அன்பாக நாலு வார்த்தை பாராட்டினார். டென்னிசன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். யாரோ ஒரு தோழிப் பெண் என்று பட்டது. பேத்தியைத் தட்டுவது போலத் தோளில் தட்டிக்கொடுத்து, “ரொம்ப சந்தோஷம்மா” என்கிற தோரணையில் நன்றி சொல்லிவிட்டார். விஷயத்தைப் பிறகுதான் அவரிடம் சொன்னார்கள்.

ரஷ்ய சாம்ராஜ்யத்தில் அந்தத் தோளைத் தொட்டவன் கதி என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். தட்டு வாங்கியவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மஞ்சள் மாளிகையில் தானே தைத்த கவுனில் பரிமாறிய பெண்ணுக்கு அது ஒன்றும் புதிதாக இருந்திருக்காது. உண்மையில் அன்று அந்த அறையில் அவரைச் சரியாக அடையாளம் கண்டவர், கண் தெரியாத டென்னிசன் மட்டும்தான் என்றும் சொல்லலாம்.

பிற்பாடு அடி விழுந்தது வேறு திசையிலிருந்து. என் அனுமதி இல்லாமல் அந்நிய ராஜாக்களோடு சாப்பிட இவர் யார் என்று விக்டோரியா மகாராணி கொதித்துப்போனார். கிளாட்ஸ்டன் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே இருவருக்கும் ஆகாது. சம்பந்தி வீட்டில் கேட்காமல் பந்தியில் உட்கார்ந்தது எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

அந்தப் பயணத்தில் வேறொரு பேச்சும் ஓடியது. டென்னிசனைப் பிரபுவாக்கி மேல்சபையில் உட்கார வைக்கலாமா? பாரோனெட் பட்டத்தை ஒரு தடவைக்கு மேல் வேண்டாமென்று தள்ளியவர் அவர். கிளாட்ஸ்டன் இந்த யோசனையைக் கவிஞரின் மகன் ஹாலமிடம் எடுத்தார். தனக்கு ஒரே ஒரு பயம்தான் என்றாராம்: உங்கள் அப்பா அந்த அகலத் தொப்பியோடுதான் சபைக்கு வருவேன் என்று அடம் பிடித்தால் என்ன செய்வது? கவிதை போதுமா, தகுதி உண்டா என்றெல்லாம் கேள்வியே எழவில்லை. தொப்பிதான் பிரச்சினை. 1884-ல் ஆல்ஃபிரட், டென்னிசன் பிரபுவாக மேல்சபையில் அமர்ந்தார்.

உடை விதி எந்தக் காலத்திலும் மேலே இருப்பவனுக்கு எழுதப்பட்டதில்லை. ஜார் ஒட்டுப்போட்ட கால்சட்டையில் வந்தால் எளிமை, இளவரசர் வாலை வெட்டினால் ஃபேஷன், இளவரசி நொண்டினால் நாகரிகம், கவிஞர் போர்வையில் வந்தால் மேதைமை. அதையே நாம் செய்தால் ‘மேல்தளத்தில் பஃபே இருக்கிறது சார்’. சென்னையில் 2014 ஜூலையில் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் வேட்டி கட்டி வந்தார் என்று உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே வாசலில் நிறுத்தினார்கள். நீதிபதி பதவிகூட அந்த வாசலுக்குப் போதவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் போட்டு வேட்டியை உள்ளே விட வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் துறைமுகத்தைத் தாண்டாது, கப்பலில் கப்பல்காரன் வைத்ததுதான் சட்டம்.

ஆகவே கப்பலேறப் போகிறவர்கள் வீறாப்புக் காட்டிப் பட்டினி கிடக்க வேண்டாம். கோட்டு இல்லையா, இரவல் வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள். இங்கிலாந்தின் இரண்டு ஆஸ்தான கவிகள் ஒரே கால்சட்டையில் மாறி மாறி நுழைந்துதான் மகாராணியைப் பார்த்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது தையல் விட்டிருந்தால் மட்டும் பழியைக் கூசாமல் வேர்ட்ஸ்வொர்த் மேல் போட்டுவிடுங்கள்.