முதுகுமூட்டை விசாரம்

மனிதன் தன் முதுகில் சுமந்து திரியும் மூட்டையைப் பற்றிச் சாஸ்திரங்கள் மௌனம் சாதித்திருப்பது கண்டு மனம் நொந்து, அக்குறையை இயன்ற மட்டில் நிவர்த்தி செய்யக் கருதி, பாங்காக்குக்கும் அதற்கு வடக்கே ரயில் வழியில் சுமார் 70 கிலோமீட்டரிலுள்ள அயுத்தியாவுக்கும் இடையே, 15 கிலோ எடையுள்ள மூட்டையொன்றைப் பிரத்தியட்சப் பிரமாணமாகச் சுமந்து யாம் நடத்திய ஆராய்ச்சியின் சாரம் இது.

முதுகுமூட்டை மேல்நாட்டு வாலிபர்களின் சிருஷ்டி என்றும், பாங்காக்கின் காவ் சான் சாலையிலிருந்தே அது அயுத்தியாவின் பாழ்பட்ட கோயில்களை நோக்கிப் பரவியது என்றும் கூறுவது பூர்வபக்ஷம். சரித்திர ஞானமின்மையால் விளைந்த மயக்கம் இது. 400 ஆண்டுகளுக்கு மேல் சயாமின் ராஜதானியாக விளங்கிய அயுத்தியா, 1767-இல் பர்மியரால் எரியுண்டது. பின்னர் 1782-இல் மன்னர் முதலாம் ராமா பாங்காக்கில் புது நகரம் எடுத்தபோது, மதிலுக்கு வேண்டிய செங்கற்களைப் பழைய நகரின் இடிபாடுகளிலிருந்து பெயர்த்துச் சாவ்பிரயா நதியில் படகேற்றிக் கொணர்ந்தார்கள். செங்கல்லின் பின்னே சிலைகளும் வந்தன. ஸ்ரீ சன்பெத் என்னும் மாபெரும் புத்தர் திருமேனி, பொன்னையெல்லாம் இழந்த கோலத்தில், வாட் போ ஆலயத்துத் தூபியொன்றுக்குள் அடக்கமாயிற்று. ஆகவே, கோயிலுக்கும் தலைநகருக்கும் இடையே முதன்முதல் மூட்டையாகப் பிரயாணம் செய்தவை செங்கற்களே என்பதும், அவை திரும்பாமையால் நேர்ந்த கடனை இன்றைய யாத்திரிகர்கள் ஆளுக்கு 15 கிலோ வீதம் சுமந்து சென்று அடைத்து வருகிறார்கள் என்பதும் எமது சித்தாந்தம். மாலையில் அதே மூட்டையோடு அவர்கள் திரும்பிவிடுகிறார்களே என்று ஆட்சேபிப்போர், வட்டி மட்டும் கட்டி வாழும் குடும்பங்களைக் கண்டறியாதவர்கள்.

காவ் சான் என்றால் அந்நாட்டு மொழியில் அரிசி. முற்காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த அத்தெருவில் மூட்டை சுமந்தவன் கூலி பெற்றான். இக்காலத்தில் மூட்டையோடு வருகிறவன், அதை இறக்கி வைக்க ஓர் அறை வேண்டித் தானே பணம் கொடுக்கிறான். பொருளாதார நிபுணர்கள் இதை முன்னேற்றம் என்பார்கள்.

இனி, இவ்வாராய்ச்சியின் கடினமான பகுதி. அயுத்தியாவின் வாட் மகாதாட்டில், மரவேர்கள் பின்னிப் பிணைந்து தாங்கும் புத்தர் சிரசொன்று உண்டு. அதனருகே படம் எடுத்துக்கொள்வோர் தம் தலை அச்சிரசுக்கு மேலே உயராதபடி தாழ்ந்து அமர வேண்டும் என்பது விதி. யாமும் மரியாதையோடு குந்தினோம். எம் தலை தாழ்ந்ததே ஒழிய, மூட்டையின் உச்சி எம்மினும் அரை அடி உயர்ந்து அகங்காரத்தோடு நின்றது. தலையென்னும் பதம் தலைக்கு மேலுள்ள மூட்டையையும் குறிக்குமோ, குறிக்காதோ என்று யாம் சிந்தித்துக்கொண்டிருக்கையில், காவலாளி ஒரு விரலை மட்டும் கீழ்நோக்கி அசைத்து அவ்விவாதத்தை முடித்துவைத்தார். மூட்டையை இறக்கித் தரையில் சாய்த்தோம். அது உடனே பவ்வியமாகச் சரிந்து படுத்துக்கொண்டது. எமக்குத்தான் முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை.

மூட்டை இல்லாமல் அதே கோயில்களைச் சுற்றியிருந்தால் முடிவுகள் மாறியிருக்குமோ என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அயுத்தியா ரயில் நிலையத்தில் சொற்பக் கட்டணத்துக்குச் சாமான்களை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்பதை, திரும்பும் வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் யாம் அறிந்தோம்.