பழைய வண்டி, பழுதுபடாத வாரண்டி

பழைய கார் வாங்குகிறவருக்குச் சாவியோடு சேர்த்து ஒரு வாரண்டிப் புத்தகமும் தருகிறார்கள். அதைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டயர் தேயும், பேட்டரி இறங்கும், கிளட்ச் வழுக்கும். வாரண்டி மட்டும் எந்தக் காலத்திலும் பழுதாவதில்லை. கொடுத்த அன்று பிளாஸ்டிக் உறைக்குள் எப்படி இருந்ததோ, காலக்கெடு முடிகிற அன்றும் மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது. தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்த ஔவையார், அவை பீலி சூடி, நெய் பூசி, காவலுக்குள் பளபளப்பதைப் பாராட்டினார். கூடவே, தன் தலைவன் அதியமானின் வேல்கள் முனை முரிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் சொன்னார். புறநானூற்றின் 95-ஆம் பாடல் அது. ஒருநாளும் களம் காணாத பளபளப்பு என்ற வகையில் என் வாரண்டியும் தொண்டைமானின் கொட்டிலில் வைக்கத் தக்கது.

திருப்பூர்ப் பக்கம் பழைய கார் வாங்குவது பகட்டுக்காக அல்ல. நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவர், செக்கிங் கான்ட்ராக்ட் பார்க்கிறவர், நிட்டிங் மாஸ்டர், அயர்ன் மாஸ்டர் என்று வாரக் கூலியில் தொடங்கி மேலே வந்தவர்கள் வீட்டின் முதல் நாலு சக்கரம் அது. பெருமாநல்லூரிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட, அப்பாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, குலசாமி கோயிலுக்குக் காங்கயம் தாண்டிப் போய்வர. தவணை மாதாமாதம் கட்டுகிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னங்க பண்றது?” அதற்குத்தான் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார்கள். கேட்டவர் முகத்தில் உடனே வருகிற நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். புத்தகம் செய்கிற மிகப் பெரிய வேலை அந்த நிம்மதிதான். அதை அது குறைவில்லாமல் செய்துவிடுகிறது.

என் கார் அவினாசி சாலையில் ஐந்தாவது கியரில் ஊளையிடத் தொடங்கியது. மூன்றாவதில் முனகியது, காலை எடுத்தால் அடங்கியது. கியர் பாக்ஸ் என்றால் வாரண்டி உண்டு என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டேன். அங்கே எனக்குக் கிடைத்த மரியாதையை மறைக்க மாட்டேன். ஏசி அறை, தண்ணீர் பாட்டில், காபி, “சார்” போடாமல் ஒரு வாக்கியம் இல்லை. கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்த பிறகு அட்வைசர் தம்பி என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். கறுத்த பிசின் படிந்த ஒரு ரப்பர் வளையம் அவர் உள்ளங்கையில் இருந்தது. உள்பக்கத்து உதடு கல்லாக இறுகி, ஓரிடத்தில் நகக்கண் அளவுக்குப் பிளந்திருந்தது. டிரைவ் ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்து ஆயில் சீல்.

“சார், கியர் பாக்ஸ் கவர் ஆகுதுங்க. சீல் கவர் ஆகாதுங்க. சீல் போனதாலதான் ஆயில் போச்சு, ஆயில் போனதாலதான் பேரிங் போச்சு. அதனால பேரிங்கும் இப்ப கவர் ஆகாதுங்க சார்.”

இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. புத்தகத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருந்தது: தேய்மானப் பொருள்கள் சேராது, சேராத பொருளால் சேர்ந்த பொருளுக்கு வருகிற சேதமும் சேராது. எழுதியவரின் கெட்டிக்காரத்தனத்துக்கு நான் தலை வணங்குகிறேன். கியர் பாக்ஸுக்குள் இருக்கிற பல்சக்கரமும் பேரிங்கும் எண்ணெயில் ஓடுகிறவை. எண்ணெய் இருக்கிற வரை பெரும்பாலும் அவை கெடாது. அவை கெடுவதற்கான முக்கிய வழியே எண்ணெய் கசிவதுதான். அந்த வழியை அடைத்துவிட்டு, கெடாத வரைக்கும் நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்ஜின் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர் ஆயிலுக்கு அப்படி விளக்கு கிடையாது; பெரும்பாலான சிறு கார்களில் அளந்து பார்க்கக் குச்சிகூடக் கிடையாது. வண்டியை லிஃப்டில் தூக்கி, அடியில் எட்டிப் பார்த்தால்தான் கசிவு தெரியும். அப்படி எட்டிப் பார்க்க எனக்கு வாய்ப்பில்லை. விற்பதற்கு முன் அவர்களுக்கு இருந்தது.

அவர்களுடைய பரிசோதனையையும் இங்கேயே பாராட்டிவிட வேண்டும். விற்கும்போது வண்டியை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சோதித்து ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் போட்ட அறிக்கை கொடுத்தார்கள். ‘கசிவு: இல்லை’ என்ற வரிக்கும் டிக் இருந்தது. அதே நிறுவனத்தின் கண்கள்தான் பிறகு அந்த சீலைப் பார்த்து, “இது ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்குதுங்க, வாங்கறதுக்கு முந்தியே ஆரம்பிச்சிருக்கும்” என்றும் கண்டுபிடித்தன. வாங்குவதற்கு முன்பே இருந்த கோளாறு வாரண்டியில் வராது. ஒரே ரப்பர் வளையத்தை விற்பனையின்போது இளமையாகவும் கிளெய்மின்போது கிழடாகவும் பார்க்கிற பார்வை எல்லோருக்கும் வாய்க்காது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். சொல்லிக் கொடுத்தவர்கள் கண்ணாடி அறையில்கூட இல்லை, வேறு ஊரில் இருக்கிறார்கள்.

பிரித்துப் பார்த்த கூலி என் கணக்கில் சேர்ந்தது. கிளெய்ம் பாஸானால் அவர்கள் கணக்கு, ஆகாவிட்டால் என் கணக்கு. பாஸாகுமா என்று தெரிய வேண்டுமானால் பிரிக்க வேண்டும். வெளியே வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமா என்று கேட்டேன். காட்டலாம், ஆனால் வெளியாள் கை பட்டால் மீதமிருக்கிற வாரண்டியும் போய்விடும் என்றார்கள். தங்கள் வாரண்டியின் தூய்மையைக் காப்பதில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருப்பவர்களை நாட்டின் போட்டி ஆணையமும் ஒருமுறை கவனித்திருக்கிறது. அசல் உதிரிப்பாகங்களையும் கோளாறறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது, வெளியே ரிப்பேர் பார்த்தால் வாரண்டி ரத்து என்று மிரட்டியது முதலான காரணங்களுக்காக 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அது புதிய கார் செய்கிறவர்கள் மீதான வழக்கு. பழைய கார் விற்கிறவர்கள் அதிலிருந்து அந்த வாசகத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கூர்மையும் உண்டு. டிக்கியில் இரண்டு கட்டு கட்டிங் பீஸ் இருந்தது. மங்கலத்தில் ஓவர்லாக் அடிக்கிற உறவுக்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள், வைத்திருந்தேன். அதையும் போட்டோ எடுத்து ‘வணிகப் பயன்பாடு’ என்று குறிப்பு எழுதினார்கள். திருப்பூரில் எந்தக் காரின் டிக்கியைத் திறந்தாலும் ஒரு நூல் கோன், ஒரு சாம்பிள் பீஸ், ஒரு லேபிள் கட்டாவது இருக்கும். அதை வணிகம் என்றால் ஊரே வாரண்டிக்கு வெளியேதான் நிற்கிறது.

இந்த ‘வணிக நோக்கம்’ பற்றிய முக்கியமான தீர்ப்பு ஒன்று நம் பக்கத்து ஊர் இயந்திரத்தை வைத்துத்தான் பிறந்தது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், அதில் குறை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனது. உச்ச நீதிமன்றம் 1995 ஏப்ரல் 4 அன்று, அந்த நிறுவனம் வணிகத்துக்காக வாங்கியது, ஆகவே சட்டப்படி நுகர்வோர் ஆகாது என்றது. அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் இருக்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்கென்று ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான்; ஆள் வைத்து ஓட்டுவதற்கென்று வாங்குகிறவர் அல்ல. இன்றைய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சுயதொழில் செய்து பிழைப்பவரை நுகர்வோராகவே வைத்திருக்கிறது. தானே ஓட்டுகிற காரில் இரண்டு கட்டுத் துணி போனதற்கு எந்தப் பாதி பொருந்தும் என்பதை நீதிமன்றத்தில் வாதிடலாம். டிக்கியைப் போட்டோ எடுத்த உடனே தீர்ப்பையும் எழுதிவிடுகிற வேகம் நீதிமன்றங்களுக்கு வரவில்லை.

நம் ஊர் வேலை எப்படி நடக்கிறது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். இங்கிருந்து போகிற டி-சர்ட்டுக்கு வாரண்டிப் புத்தகம் இல்லை. ஏ.க்யூ.எல். 2.5 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமான சோதனை அளவில், 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள ஒரு லாட்டில் இன்ஸ்பெக்டர் 125 பீஸை உருவி எடுப்பார். குறையுள்ளது 7 வரை இருந்தால் லாட் பாஸ். எட்டாவது ஒன்று கிடைத்தால் மொத்த லாட்டும் ஃபெயில். பெட்டிகளைப் பிரித்து ராத்திரியோடு ராத்திரியாக மறு செக்கிங் போட்டு, ஷிப்மென்ட் தவறினால் விமானத்தில் அனுப்பி, அந்தச் செலவை எக்ஸ்போர்ட்டர் தன் தலையில் வாங்கி, அதை டெபிட் நோட்டாக ஜாப் ஒர்க்காரர் தலையில் இறக்குவார். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசியின் கொண்டி உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும். “ஊசி தேய்மானப் பொருளுங்க, அதுக்கு நான் பொறுப்பில்லை, ஊசியால வந்த கோட்டுக்கும் பொறுப்பில்லை” என்று நிட்டிங்காரர் ஒருவர் துணி கொடுத்தவரிடம் சொன்னதாக இந்த ஊர் வரலாற்றில் இல்லை. சொன்னால் அடுத்த ரோல் அவருக்கு வராது. ஊசி அவருடையது, கோடும் அவருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மனிதர் ஏற்றுக்கொள்கிற பொறுப்பு அது. அவர் தன் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்குகிற காருக்கு, அவரைவிட எத்தனையோ மடங்கு பெரிய நிறுவனம் அதில் பாதிப் பொறுப்பைக்கூட ஏற்க மறுக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அரசும் இந்த வியாபாரத்தை ஒழுங்குபடுத்தாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி அங்கீகாரம் பெற வேண்டும். கைக்கு வந்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆர்.சி. மாற்றம், என்.ஓ.சி., வண்டி யார் பொறுப்பில் எங்கே ஓடியது என்ற பதிவு எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. காகிதத்தின் உடல்நலம் நன்றாகப் பேணப்பட்டிருக்கிறது. கியர் பாக்ஸ் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பழைய கார்களும் அதில் அடக்கம். கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. வண்டியின் வயதையும் விலையையும் பார்த்து எதிர்பார்ப்பை அளப்பார்கள், அது நியாயம்தான். என் சீல் விஷயத்தில் விற்றவர்கள் தாங்களாகவே ‘விற்பதற்கு முன்பே இருந்தது’ என்று சொல்லிவிட்டார்கள். அங்கே என்றால் அந்த ஒரு வாக்கியம் என் வழக்கை முடித்துவைத்திருக்கும். இங்கே அது அவர்கள் வழக்கை முடித்துவைத்தது.

வண்டியை அவர்களிடமிருந்து இழுத்துக்கொண்டு வந்து, தாராபுரம் சாலையில் எனக்குத் தெரிந்த பட்டறையில் வேலை பார்த்தேன். பேரிங் செட், இரண்டு பக்க சீல், புது ஆயில். பட்டறை அண்ணன் பழைய சீலைப் பனியன் வேஸ்டில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நாலஞ்சு நூறு ரூவா சாமானுங்க. விக்கறதுக்கு முந்தி மாத்திப் போட்டிருந்தா இத்தனை செலவே இல்லீங்” என்றார். பழைய பேரிங்கையும் சீலையும் தூக்கிப் போட்டுவிடாமல் கட்டி வாங்கி வந்திருக்கிறேன். பொருளில் குறை உண்டா என்று சோதிக்க ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனை தேவையில்லாத புகாரை 3 மாதத்துக்குள்ளும், சோதனை தேவைப்படுவதை 5 மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லாத் தகராறும் எங்கள் தலைமையகம் இருக்கிற ஊர் நீதிமன்றத்தில்தான் என்று புத்தகத்தில் அச்சடித்திருந்தாலும், குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் வழி வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

இத்தனை பெருமைக்குரிய அந்த நிறுவனம் எனக்கு இன்னும் செய்யாத உபகாரம் ஒன்றே ஒன்றுதான்: கிளெய்மை ஏன் மறுத்தார்கள் என்று எழுத்தில் தருவது. வாய்ப் பேச்சில் அவர்களுக்கு இணையில்லை. போன் எடுக்கிறார்கள், நலம் விசாரிக்கிறார்கள், “மேல கேட்டுட்டுச் சொல்றேனுங்க சார்” என்கிறார்கள். அச்சடித்த புத்தகத்தில் அத்தனை வரி எழுதியவர்களுக்கு, கையெழுத்துப் போட்டு இரண்டு வரி எழுத மட்டும் கை வரவில்லை. உங்களுக்கும் இந்த நிலை வந்தால் அந்த இரண்டு வரியைப் பதிவுத் தபாலில் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து அந்தப் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். பச்சை டிக் போட்ட பரிசோதனை அறிக்கையையும் தபால் ரசீதையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். பதில் வராவிட்டால் நீங்கள் கேட்டதற்கு ரசீதே சாட்சி. என்னுடையதை அனுப்பிவிட்டேன்.