மனசு ஒட்டாம படம் எடுக்க ஒரு யோசனை

ஏ பேராண்டி, உன் புதுக் கேமராவைப் பத்தித்தான் ஊர்ல பேச்சு. விலையைக் கேட்ட உங்க பெரியப்பன், ஒரு சோடி உழவு மாடு வாங்கியிருக்கலாமேன்னு மூக்கால அழுதான். நான் உன் கட்சிதான். மாடு வாங்கினா சாணி அள்ளணும். கேமராவுக்கு அந்தத் தொல்லை இல்ல.

ஆனா போன்ல நீ கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடல. “படம் எல்லாம் பளிச்சுன்னு வருது தாத்தா, ஆனா ஒண்ணுலயும் உசிரு இல்லைங்கிறாங்க, என்ன பண்ண?”ன்னு கேட்ட. நானும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உன் படங்களை ஒண்ணு விடாம தள்ளித் தள்ளிப் பாத்தேன். கட்டைவிரல் தேஞ்சதுதான் மிச்சம். கம்மாய்க்கரையில பொழுது அடையுது. கொடைக்கானல்ல மேகம் போகுது. மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயில் நிக்குது. டம்ளர்ல காபி நுரைச்சுக்கிட்டு இருக்கு. எல்லாத்துக்கும் முன்னால நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற. எல்லாம் இருக்குலே, நீதான் இல்ல. முகம் இருந்தா ஆள் இருக்கான்னு அர்த்தமா? ஆதார் அட்டையிலகூடத்தான் முகம் இருக்கு.

உசிரைக் கொண்டாரது கஷ்டமான சோலி. வராம பாத்துக்கிறது லேசு. அதுல நீ ஏற்கெனவே முக்கால்வாசி தேறிட்ட. மிச்சத்தையும் சொல்லித் தந்துட்டா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்.

முதல் காரியம், ஆளைப் பாத்ததும் “சிரி”ன்னு சொல்லிரணும். உங்க பாட்டியை அடுப்படியில எடுத்தியே, அதுதான் முறை. அன்னிக்கு அவ துவையலுக்குப் பிரண்டை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. கையில பட்டா அரிக்கும்னு நல்லெண்ணெயைத் தடவிக்கிட்டு, கணுவை ஒடிச்சு எறிஞ்சு, நாரை உரிச்சு, அரிவாமணை முன்னால மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கிழக்குப் பக்கத்து ஜன்னல்ல இருந்து வந்த வெளிச்சம் மூஞ்சியில பாதியிலதான் விழுந்துச்சு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் பாத்துப் பயந்துக்கிட்டு இருக்கிற மூஞ்சி அதுதான். நீ என்ன பண்ணின? “பாட்டி, இங்க பாரு, சிரி”ன்ன. அவ எந்திரிச்சு, கையைக் கழுவி, முந்தானையை இழுத்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்த ஆள் மாதிரி விறைச்சு நின்னா. நீ போய் லைட்டைப் போட்ட. ஜன்னல் வெளிச்சம் செத்துச்சு. பெறகு அந்தப் படத்தைப் போன்ல ஏத்தி என்னமோ தட்டின. சுருக்கம் பூரா காணோம், நிறமும் ரெண்டு படி ஏறிருச்சு. “இது யாரு, உங்க ஆத்தா வழியில யாராவதா?”ன்னு அவளே என்கிட்ட கேக்கிறா.

இந்த வித்தையை உன் போன்தான் கண்டுபிடிச்சுச்சுன்னு நெனைச்சுக்கிராத. கோவில்பட்டியில ஸ்டூடியோ வச்சிருந்த ஒருத்தன் எனக்குச் சேக்காளி. வெளிச்சம் அடிக்கிற கண்ணாடிமேல நெகட்டிவைச் சாய்ச்சு வச்சு, ஊசியாச் சீவின பென்சிலால நெத்திச் சுருக்கத்துலயும் கண்ணுக்குக் கீழயும் புள்ளி புள்ளியா வைப்பான். நெகட்டிவ்ல கருப்பு ஏறினா பிரிண்ட்ல வெளுப்பு ஏறும், அதுதான் சூட்சுமம். டச்சிங்னு பேரு. கல்யாணத் தரகர் கொண்டுபோற படம்னா பென்சில் கூடக் கொஞ்சம் நடக்கும். பெறகு மாப்பிள்ளை வந்து நேர்ல பாத்து முழிப்பான். அது தரகர் பாடு.

கம்பெனிக்காரங்க மட்டும் என்ன வாழ்ந்துச்சு? அமெரிக்காவுல கோடாக் கம்பெனி, பிரிண்ட்ல கலர் சரியா விழுதான்னு ஒத்துப் பாக்க ஒரு அட்டை குடுத்துச்சு. அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. முதல்ல நின்ன பொண்ணு பேரு ஷெர்லி. பெறகு யார் நின்னாலும் அது ஷெர்லி அட்டைதான். அவ தோல் நல்லா வந்துட்டா ஊர் உலகத்துத் தோல் பூரா நல்லா வந்ததாக் கணக்கு. நம்ம கருசக்காட்டு நிறம் அந்தக் கணக்குலயே வரல. உன் கேமராவுக்கும் ஒரு கோணப்புத்தி இருக்கு. முன்னால இருக்கிறது எல்லாம் சேந்து நடுவாந்தரச் சாம்பல் நிறம்னு அதுக்கு ஒரு நெனப்பு. வெள்ளை வேட்டியோட நான் சுண்ணாம்புச் சுவர்ல சாஞ்சு நின்னா, வெளிச்சம் ஜாஸ்தின்னு பயந்து எல்லாத்தையும் இருட்டாக்கும். வேட்டி அழுக்காயிரும், மூஞ்சி கரியாயிரும். திரையில என் மூஞ்சிமேல விரலை வச்சு, இங்க அளந்துக்கோன்னு சொன்னா சரியாயிருமாம். நீ வச்சுத் தொலைச்சிராத. வச்சா தாத்தா தெரிஞ்சிருவான்.

ரெண்டாவது, எடுத்த படத்தைச் சூடு ஆறுமுன்ன நாலு பேருக்குக் காட்டிரணும். காட்டாம வச்சா என்ன கதி ஆகும்னு சிகாகோவுல ஒரு அம்மாவைப் பாத்துத் தெரிஞ்சுக்கோ. விவியன் மேயர், 1926-ல பொறந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயா வேலை. ஓய்வு கிடைச்சா தெருவுல இறங்கிரும். சில நாள் அந்தப் பிள்ளைகளையும் இழுத்துக்கிட்டே இறங்கிரும். கையில ரோலிஃபிளெக்ஸ் கேமரா. அதை வயித்துக்கிட்ட வச்சுக் குனிஞ்சு பாக்கணும். எதிர்ல நிக்கிறவனுக்குத் தன்னை ஒருத்தி அளந்துக்கிட்டு இருக்கான்னே உறைக்காது. 1 லட்சத்துக்கு மேல நெகட்டிவ் சேத்துருக்கு. நிறையச் சுருளைக் கழுவிக்கூடப் பாக்கல. வாடகை பாக்கி விழுந்த கிட்டங்கியில கிடந்த பெட்டிகளை 2007-ல ஏலம் போட்டப்பதான் படங்க வெளிய வந்துச்சு. 2009-ல அந்த அம்மா செத்துப்போச்சு. தன் பேரு உலகம் சுத்தப்போறது அதுக்குத் தெரியாது. இன்னிக்கு அந்தப் படத்துல ஒண்ணைப் பாத்தாலே, அந்த அம்மாவுக்கு யார் மேல இரக்கம், யார் மேல இளக்காரம்னு தெரிஞ்சுபோகுது. கடைக்கண்ணாடியில விழுந்த தன் உருவத்தையும் தரையில நீண்ட தன் நிழலையும் எத்தனையோ தடவை எடுத்திருக்கு. அதுவும் உன் செல்ஃபி சாதிதான். சிரிப்பைத்தான் தேடிப் பாக்கணும். பாவம், உசிரோட இருந்தப்ப ஒரு லைக் வாங்கல. உனக்கு அந்தக் கதி வேண்டாம்.

மூணாவது, சாவு வீட்டுப் பக்கம் கேமராவோட போயிராத. எங்க தலைமுறையில பல வீட்டுப் பெருசுகளுக்கு இருந்த ஒரே படம் செத்த பெறகு எடுத்ததுதான். நாற்காலியில உக்கார வச்சு, தாடையைத் துணியால கட்டி, மாலையைப் போட்டு, சுத்தி மக்கமாரும் மருமக்கமாரும் நிப்பாங்க. ஸ்டூடியோக்காரன் பெறகு அந்த மூஞ்சியை மட்டும் பெருசாக்கி, மூடின கண்ணைத் திறந்திருக்கிறதா வரைஞ்சு சட்டம் போட்டுத் தருவான். அந்தக் குரூப் படத்தை எங்கயாவது பாத்தா உத்துப் பாரு. நிக்கிற ஒருத்தருக்கும் கேமராவைப் பத்தின நெனப்பே இருக்காது. அழுது வீங்கின மூஞ்சி, தூக்கம் கெட்ட மூஞ்சி, தெக்குக் காடு யாருக்குப் போகும்னு கணக்குப் போடுற மூஞ்சி. அத்தனையும் அப்பட்டமா விழுந்திருக்கும். உங்க பெரியப்பன் மூஞ்சியும் அப்படி ஒண்ணுல இருக்கு. வந்தாக் காட்டுறேன், அவன்கிட்ட சொல்லிராத.

பெறகு, கேமராவை நாலு பேர் கண்ணுல படுறதா வச்சுக்கோ. பிரெஞ்சுக்காரர் கார்த்தியே-ப்ரெசோன் அதுல தோத்தவர். சின்ன லைக்கா, அதுக்கு ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ், பளபளக்கிற இடத்துல எல்லாம் கருப்பு டேப் ஒட்டிக்கிட்டு, இருக்கிற இடம் தெரியாம நிப்பார். 1950 ஏப்ரல்ல ரமண மகரிஷி உடம்புக்கு முடியாம கிடந்தப்ப திருவண்ணாமலை ஆசிரமத்துலதான் இருந்தார். 14-ஆம் தேதி ராத்திரி மகரிஷி உசிரு பிரிஞ்ச நேரம் வானத்துல எரிநட்சத்திரம் ஒண்ணு மெதுவாப் போனதைக் கண்ணாலயே பாத்துக்கிட்டு நின்னிருக்கார். நீயா இருந்தா வீடியோ எடுக்கணும்னு பையில கையை விட்டுத் துழாவி, நட்சத்திரத்தையும் விட்டு, மூடியையும் தொலைச்சிருப்ப. அந்த மனுசன் வயசான காலத்துல கேமராவை ஓரம் வச்சுட்டுப் பென்சிலை எடுத்துக்கிட்டார். பிழைக்கத் தெரியாதவர்.

முக்கியமா, உன் தெருவைப் படம் எடுக்காத. தினம் பாக்கிறதுல என்ன இருக்கு? எம். பழனிக்குமார்னு மதுரைக்காரத் தம்பி ஒருத்தர். சாக்கடையில இறங்கிச் சாகிற சனங்களையும் அவங்க வீட்டையும் வருசக்கணக்காப் படம் எடுத்தவர். அவர் தன் அம்மாவையே எடுத்து ‘பாரி’ங்கிற இணையதளத்துல எழுதினார். மீன் விக்கிற அம்மா. பொழுது விடியுமுன்ன தெருவிளக்கு வெளிச்சத்துல எடுத்தது. தெருவிளக்கு கண்ட இடத்துல நிழலைப் போடும், கல்யாண ஆல்பக்காரன் கிட்டயே அண்டமாட்டான். அம்மா எழுந்து போற நேரத்துல வேற என்ன வெளிச்சம் இருக்கும்? நீ உங்க அம்மாவை மலர்க் கண்காட்சியில நிறுத்தி எடுத்தது எவ்வளவு பொருத்தம்!

நம்ம இடைசெவல் எழுத்தாளர் கி.ரா.வை எடுத்துக்கோ. புதுச்சேரியில இருந்த அந்தப் பெருசையே புதுவை இளவேனில் பல வருசம் கேமராவோட சுத்திச் சுத்தி வந்தார். ஒரே ஆளு, ஒரே வேட்டி. கி.ரா.வோட ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குக் கோட்டுல படம் போட்ட ஆதிமூலமும் அந்த ரகம்தான். 1969-ல காந்தி நூற்றாண்டு வந்தப்ப காந்தியையே திரும்பத் திரும்ப வரைஞ்சு தள்ளினார். ஒரு பொக்கை வாயில அத்தனை என்னத்தைத்தான் கண்டாங்களோ. நீ ஒரு தடவை எடுத்தா அந்த ஆள் முடிஞ்சான், அடுத்த ஆளுக்குப் போயிருவ. உனக்கு நேரம் மிச்சம்.

உங்க சித்தி கோலத்தையும் பாத்தேன். மாடியில ஏறி நின்னு நேர் மேல இருந்து எடுத்திருக்க, அச்சுப் போட்டதாட்டம் வந்திருக்கு. அந்தச் சிக்குக் கோலம் இருக்கே, புள்ளியைச் சுத்திச் சுத்தி வந்து, தொடங்கின இடத்துலயே இழை போய்ச் சேரணும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணின்னு ஒரு பேராசிரியர் 1970-கள்ல அதையே கணக்கு இலக்கணமா எழுதிக் காட்டினார். ஆனா உங்க சித்தி கோலத்துல அவர் கணக்குக்கு அடங்காத சங்கதி ஒண்ணு இருக்கு. முந்தின ராத்திரி புருசன்கூடச் சண்டைன்னா இழை தடிச்சு விழும், வளைவுல மாவு சிந்திக் கிடக்கும். அவ அக்கா வந்திருந்தா புள்ளி வரிசை கூடும். மனசு சரியில்லைன்னா நாலே புள்ளியில ஒரு நட்சத்திரத்தைப் போட்டுட்டு உள்ள போயிருவா. காலையில அந்த வாசலைப் பாத்துத்தான் காபி கேட்டுப் போகலாமா, திரும்பிரலாமான்னு நான் முடிவு பண்றது. நீ மாடிக்கு ஏறாம வாசல்ல குத்தவச்சுருந்தா அவ விரலிடுக்குல மாவு நழுவுறது தெரிஞ்சிருக்கும், அவ முணுமுணுப்பும் கேட்டிருக்கும். கேட்டு என்ன பண்ண, குடும்ப விவகாரம்.

இவ்வளவும் சொல்லியும் உசிருதான் வேணும்னு நீ அடம் பிடிச்சா, கேமராவைப் பைக்குள்ள போட்டுட்டு ஒரு பென்சிலை எடு. அந்தப் பிரண்டையை வரைஞ்சு பாரு. கோணலா வரும், வரட்டும். நீ எடுத்த படத்தைக் காட்டி “பிரண்டைக்கு எத்தனை பட்டைடா?”ன்னு கேட்டேனே, முழிச்சியே. நாலு பட்டை. ஒரு துண்டை வரைஞ்சிருந்தா மறந்திருக்கமாட்ட. உங்க பாட்டி எந்தக் கணுவுல ஒடிக்கிறா, எங்க இளசுன்னு விட்டுவைக்கிறான்னும் பிடிபட்டிருக்கும். அதைப் பாத்துட்டு பெறகு பட்டனை அமுக்கு. அமுக்கின படத்தை ஒரு மாசம் யாருக்கும் அனுப்பாம வச்சிருக்க முடியுமான்னும் பாரு. உன்னால முடியாது. சும்மா சொன்னேன்.

தீபாவளிக்கு வருவதான? அந்த வெளுத்த படத்து மேல உங்க பாட்டிக்கு இன்னும் கோவம் ஆறல. நடையேறும்போதே பிடிச்சுக்குவா. சாயங்கால பஸ்ஸுல வா. அந்நேரம் மேக்க இருந்து வர்ற வெயில் திண்ணையில சாய்வா விழும், மூஞ்சியில ஒரு வரி விடாம தெரியும். தூணுக்கு இந்தப் பக்கம் நின்னு, அவ திட்டி முடிக்கிற வரைக்கும் எடு. நல்ல நேரம் இருக்கும், அவசரமே இல்ல. “சிரி”ன்னு மட்டும் வாயைத் திறந்திராத. அரிவாமணையை அவ இப்ப திண்ணைக்கே கொண்டாந்துட்டா.