மெதுவாகப் போகிறவனுக்கே லாபம்

மாசி பிறந்துவிட்டால் சென்னையில் ஓடுகிறவர்களின் சீசன் கடையைக் கட்டத் தொடங்கும். ஜனவரி மாரத்தான் முடிந்த கையோடு வேகக்காரர்கள் ஷூவைக் கழுவிக் காயப் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் மிஞ்சுவது வெயிலும், சீசனின் கடைசிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்ட என்னைப் போன்ற சில தாம்பரத்து நடுவயதுக்காரர்களும்தான்.

நான் பெயர் கொடுத்தது ட்ரையத்லானுக்கு. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், ஈரம் காய்வதற்குள் 90 கிலோமீட்டர் சைக்கிள், சைக்கிளிலிருந்து இறங்கிய காலோடு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். ஆகமொத்தம் 113. இதற்கு ‘அரை’ என்று பெயர். முழுசு இதைப்போல இரண்டு மடங்கு. அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்செடுக்கவில்லை.

மேல்வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்தையும் கட்டணத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்.

“எவ்வளவுப்பா கட்டின?”

சொன்னேன்.

“ஜெயிச்சா என்ன தருவான்?”

“ஜெயிக்கல்லாம் மாட்டேன் சார். முடிச்சா மெடல்.”

“வேகமா முடிக்கிறவனுக்கும் இதே கட்டணமா?”

“இதேதான்.”

“அநியாயமா இருக்கே! எங்க ரயில்வேல பாசஞ்சருக்கு டிக்கெட் கம்மி, எக்ஸ்பிரஸுக்குத்தான் ஜாஸ்தி. உங்க ஆட்டத்துல பாசஞ்சரும் எக்ஸ்பிரஸ் சார்ஜ் கட்டணுமா?”

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அநியாயம் இருப்பது வாஸ்தவம். ஆனால் அது வேகக்காரனுக்கு. 2019இல் கோவாவில் முதன்முதலாக நடந்த, இதே ‘அரை’ தூரத்து அயர்ன்மேன் 70.3 போட்டியில் ஜெயித்த பிஷ்வோர்ஜித் சாய்கோம் நாலே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். போட்டிக்கான கெடுவோ எட்டரை மணி நேரம். அதாவது, கட்டிய காசில் கிட்டத்தட்ட பாதியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதே கோவாவில் 2024இல் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா எடுத்துக்கொண்டது 8 மணி 27 நிமிடம். மூன்று நிமிடம்கூட மிச்சம் வைக்கவில்லை. கட்சி எதுவானாலும் இருக்கட்டும், சிக்கனத்தில் அவர் நம்ம ஆள்.

இந்த விளையாட்டே ஒரு வாக்குவாதத்தில் பிறந்ததுதான். நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா, யாருக்கு உடம்பில் தெம்பு அதிகம் என்று ஹவாயில் பேச்சு வந்தது. நம் ஊரில் இரண்டாவது டீயோடு முடிந்திருக்கும். அங்கே ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். 1978இல் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்த நண்பர்கள் பீர் கொடுத்தார்களாம். அப்படிப்பட்ட நண்பர்களுக்கு எங்கள் தெருவிலும் பஞ்சமில்லை.

சைக்கிள் பயிற்சியில்தான் சிக்கல். முன்னால் போகிற சைக்கிளுக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. அவர் கிழிக்கும் காற்றில் நாம் ஓசிச் சவாரி செய்யக்கூடாதாம். முடிச்சூர் சாலையில் 12 மீட்டர் இடம் விட்டுப் பாருங்கள். ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு தண்ணி லாரி, தப்பான பக்கத்தில் வரும் ஒரு ஸ்கூட்டர், மூன்றும் அதற்குள் புகுந்துவிடும். அதனால் விடியுமுன் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைக்குப் போவோம். போகிற வழியில் ராஜகீழ்ப்பாக்கத்து நாய்கள் வேகப் பயிற்சி கொடுக்கும். சம்பளம் கேட்காத பயிற்சியாளர்கள்.

நீச்சலைப் பற்றி வாயைத் திறந்தாலே மாமனார் குற்றாலீஸ்வரனை இழுத்துவிடுவார். “அந்தப் பையன் 1994ல, பன்னெண்டு வயசுல பாக் நீரிணையைத் தாண்டினான். ஒரே வருஷத்துல ஆறு நீரிணை!” குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு இந்த வரலாறு இரண்டு தடவை ஞாபகத்துக்கு வரும்.

போட்டி கோவளத்தில். மழைக்கால ஆட்டமெல்லாம் ஓய்ந்து கடல் சாதுவாகக் கிடந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் “சொறிமீன் இருக்கும், பாத்துப் போ சார்” என்றார். சொறிமீனை எங்கே பார்ப்பது? கண்ணாடிக்குள் தண்ணீர், வாய்க்குள் வங்காள விரிகுடா. பிறகு சைக்கிளில் மாமல்லபுரம் பக்கம் போகும்போது நெம்மேலி வந்தது. 2013லிருந்து அங்கே ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. காலையில் அந்த வேலையில் ஒரு பங்கை நானும் செய்திருக்கிறேன் என்ற பெருமிதத்தோடு அதைக் கடந்தேன்.

ஓட்டம் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. முதலில் வந்த பையன் இந்நேரம் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, மதியத் தூக்கமும் போட்டிருப்பான். திருவிடந்தை பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டி என்னையும், நெஞ்சில் குத்தியிருந்த எண்ணையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“வேண்டுதலா தம்பி?”

பேச மூச்சில்லாமல் தலையை எப்படியோ ஆட்டினேன்.

“கல்யாணத்துக்குத்தானே? மாலையப் போட்டுக்கிட்டுப் பெருமாள ஒம்பது சுத்து சுத்தினாப் போதுமே. இம்மாந்தூரம் எதுக்கு ஓடுற?”

நித்யகல்யாணப் பெருமாள் இருக்கிற ஊரில் அவர் கேட்டது நியாயமான கேள்வி. கல்யாணமாகி, கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிறான் என்று அவரிடம் சொல்லியிருந்தால் இன்னும் பயந்திருப்பார்.

கடைசி வரை ஓடினால் எல்லாமே நமக்குத்தான். மிஞ்சிய வாழைப்பழம், மோர், தர்பூசணி எல்லாம் என் கைக்கே வந்தன. எனக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லாததால், ஒரு போலீஸ்காரர் எனக்காக மட்டுமே கையை நீட்டி ஒரு பேருந்தை நிறுத்தினார். ஐம்பது பேர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். எந்த எக்ஸ்பிரஸ்காரனுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை? எல்லைக்கோட்டு வளைவின் ஒரு காலை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். இன்னொரு காலைத் தொடுவதற்குள் நுழைந்துவிட்டேன். கெடுவுக்குச் சில நிமிடங்கள்தான் பாக்கி. முதலில் வந்தவனுக்கும் எனக்கும் ஒரே எடை மெடல்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடிகாலையில் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஒருவர் ஹெல்மெட்டும் சிவப்பு விளக்குமாகக் குனிந்து சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தால், பின்னால் வந்து ஹாரன் அடிக்காதீர்கள். அவர் ஏற்கெனவே ஓரமாகத்தான் போகிறார். அதற்கும் ஓரத்தில் நாய் நிற்கிறது.