கூட்டிப் பார்த்த கணக்கு

கேள்வி: பழைய உழவு மெசின் வாங்குவதென்றாலும் நாங்கள் நாலு தரம் ஸ்டார்ட் பண்ணிப் புகையைப் பார்க்கிறோம். எங்கள் தலைக்கு மேலால் இரைந்த மிக் விமானங்களை வாங்கும்போது அரசாங்கம் என்ன பார்த்தது?
– வாசகர், இரணைமடு

பதில்: விலையைப் பார்த்தது, கூட்டியும் பார்த்தது! 2006இல் இலங்கை விமானப்படைக்கு உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27கள் வாங்கப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் செய்யப்பட்டவை, 2000ஆம் ஆண்டில் பழசென்று இலங்கையே வேண்டாமென்றவை, ஆறு வருடம் கழித்துக் கூடிய விலைக்கு வந்தவை என்று ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையில் இக்பால் அத்தாஸ் எழுதினார். வயது ஏற விலையும் ஏற, மிக் என்ன ஐம்பொன் சிலையா?

திருத்தினால் பறக்கும்தானே என்பார்கள். பறக்கும். ஆனால் திருத்தும் செலவையும் தேய்ந்துபோன பறப்பு மணித்தியாலங்களையும் விலையில் கழிக்கவேண்டும், கூட்டக்கூடாது. சண்டை நேரத்தில் ஆற அமரப் பார்க்க முடியுமா என்றும் கேட்பார்கள். அவசரத்தில் கேள்விப்பத்திரத்தைச் சுருக்கலாம்; பரிசோதனையைச் சுருக்கினால் சுருங்குவது விமானியின் ஆயுள். இராணுவ இரகசியம் என்பது மூன்றாவது சமாதானம். குண்டு எங்கே விழும் என்பது எதிரிக்கு இரகசியமாக இருக்கலாம். காசு எங்கே விழுந்தது என்பது வரி கட்டியவனுக்கு ஏன் இரகசியம்?

2007இல் அத்தாஸுக்கு வழங்கப்பட்டிருந்த பாதுகாப்பு விலக்கப்பட்டது. விமானமோ கவச வாகனமோ, குறை சொல்பவருக்குப் பாதுகாப்பில்லாத நாட்டில் அதில் ஏறுபவருக்கும் பாதுகாப்பில்லை.